படம்தான் இருக்கே, பிறகென்ன?

சுற்றி வளைக்காமல் கேள்வியை முதலிலேயே வைத்துவிடுகிறேன்.

ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயில் ஒன்று நாளைக்கு இடிந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதன் நீளம், அகலம், உயரம், சுவரில் இருந்த கீறல்கள் உட்பட எல்லாமே முப்பரிமாண வடிவில் நம் கணினியில் பத்திரமாக இருக்கிறது. சுற்றிப் பார்க்கலாம். அளந்து பார்க்கலாம். வேண்டுமென்றால் திரீ-டி பிரிண்டரில் அச்சடித்துக் கையிலேயே எடுத்துப் பார்க்கலாம். அப்படியென்றால் நாம் உண்மையில் எதை இழந்தோம்?

"பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை" என்பது ஒரு பதில். "எல்லாமே போய்விட்டது, கணினியில் இருப்பது வெறும் பொம்மை" என்பது இன்னொரு பதில். நான் பொறியியல் படிக்கும் மாணவன். இந்தப் பதிவுகளைச் செய்யும் மென்பொருளோடு ஒன்றரை வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்த இரண்டு பதிலுமே சரியாகப் படவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கப் போகிறேன்.

படம் எப்படி உருவமாகிறது?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். தடுமாறும். இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் தூரம் நமக்குப் புரிகிறது. போட்டோகிராமெட்ரி என்னும் புகைப்பட அளவியலின் அடிப்படையும் இதுதான். ஒரு சிலையைச் சுற்றிச் சுற்றி நூறு படம் எடுக்கிறோம். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் இரண்டு பங்காவது திரும்ப வரவேண்டும். கல்லில் உள்ள சின்னப் புள்ளி, வெடிப்பு, கறை போன்ற அடையாளங்களை மென்பொருள் பல படங்களில் தேடிப் பிடித்து, "இதுவும் அதுவும் ஒன்று" என்று இணைக்கிறது. அதிலிருந்து கேமரா எங்கெங்கே நின்றது, அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே கணக்கில் கண்டுபிடிக்கிறது. இப்படி இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் உருவம் கிடைக்கும். அந்தப் புள்ளிகளை வலைபோல் இணைத்து, மேலே படத்தின் நிறத்தைப் போர்த்தினால் வேலை முடிந்தது. அளவு தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தடிச் சிலையும் ஐந்து அங்குலப் பொம்மையும் கணினிக்கு ஒன்றுதான்.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை அளக்கப் போன ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளைஞர் மேலேயிருந்து விழப் பார்த்தார். உயிர் தப்பியவருக்கு, கட்டடத்தின் மேல் ஏறாமல் புகைப்படத்தை வைத்தே அளந்தால் என்ன என்று தோன்றியது. அப்போது அவருக்கு வயது 24. நம்ம வயசுதான். பிற்காலத்தில், 1885-இல், இதற்காகவே பெர்லினில் ஓர் அரசு நிறுவனம் அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. முக்கியமான கட்டடங்களை எல்லாம் படமெடுத்து வைத்தால், ஒருவேளை அவை அழிந்தாலும் அளவு மிஞ்சும் என்பது அவருடைய எண்ணம்.

நான் முதலில் எங்கள் பாட்டியின் அம்மிக்கல்லைத்தான் எடுத்தேன். ஹேண்ட்போனில் 96 படங்கள். அருமையாக வந்தது. பாட்டியின் கை தேய்த்துத் தேய்த்து நடுவில் விழுந்திருந்த பள்ளம்கூட அப்படியே தெரிந்தது. அடுத்து பித்தளைக் குத்துவிளக்கை எடுத்தேன். அது உருகிப்போன மெழுகுவர்த்தி மாதிரி வந்தது. காரணம் இதுதான்: பளபளப்பான பொருளில் தெரியும் ஒளி பொருளோடு ஒட்டியிருப்பதில்லை, நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து போகும். எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் மூர்த்திக்கும் இதே கதைதான். அதற்குச் சில வழிமுறைகள் இருக்கின்றன என்றாலும், ஒன்றைப் புரிந்துகொண்டேன். இந்தத் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. அதற்குப் பார்க்க முடிந்ததை மட்டும்தான் பார்க்கிறது.

பாமியானில் மிஞ்சியது என்ன?

ஆப்கானிஸ்தானின் பாமியான் பள்ளத்தாக்கில், மலைப் பாறையில் குடைந்த இரண்டு பெரிய புத்தர் சிலைகள் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் நின்றன. பெரியது சுமார் 55 மீட்டர், சின்னது 38 மீட்டர். 2001 மார்ச் மாதத்தில் தாலிபான்கள் இரண்டையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அதற்கு 31 வருடங்களுக்கு முன்பே, 1970-இல், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா அங்கே போய், அளவெடுப்பதற்கென்றே செய்யப்பட்ட கேமராவில் சில படங்கள் எடுத்து வைத்திருந்தார். சிலைகள் அழிந்த பிறகு சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆர்மின் குரூன் என்பவரின் குழு அந்தப் படங்களைத் தேடிப் பிடித்துப் பெரிய புத்தரின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் உருவாக்கியது. இணையத்தில் கிடந்த சாதாரணப் படங்களை வைத்தும் முயன்றார்கள். ஆனால் நம்பிக்கையான அளவைத் தந்தவை 1970-இல் எடுத்த அந்தச் சில படங்கள்தான். அதிலும் ஒரு சிக்கல். புத்தரின் மேலாடையில் அலை அலையாக விழும் மடிப்புகளைக் கணினி தானாகக் கணக்கிட்டபோது எல்லாம் வழவழவென்று ஆகிவிட்டன. கடைசியில் மனிதர்கள் உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாகக் கையால் அளந்து சேர்த்தார்கள்.

2015-இல் சீனாவிலிருந்து வந்த ஒரு தம்பதியர், பெரிய புத்தர் நின்ற வெற்று மாடத்தில் அவர் உருவத்தை இரவில் ஒளியால் வரைந்து காட்டினார்கள். ஊர் மக்கள் கூடிப் பார்த்தார்கள். விளக்கை அணைத்ததும் மாடம் பழையபடி வெறுமைதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. கோஸ்ட்கா அன்று அந்தப் படங்களை எடுக்காமல் இருந்திருந்தால் குரூன் குழுவுக்கு இவ்வளவு நம்பிக்கையான வடிவம் கிடைத்திருக்காது. ஆக, பதிவு மிகப் பெரிய கொடை. அதே சமயம், அந்தக் கணினி வடிவம் இருக்கிறது என்பதற்காக 2001-இல் நடந்ததை யாரும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட முடியாது. இந்த இரண்டாவது விஷயம் நமக்குத் தெரிந்ததுபோலத்தான் தோன்றும். ஆனால் தாலிபானை விட்டுவிட்டு நம்ம வீட்டுப் பக்கம் வரும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஒரு பெரியவரின் கேள்வி

பேராக்கில் ஒரு பழைய தோட்டத்துக் கோயில். பெயர் வேண்டாம். தகரக் கூரை, செங்கல் சுவர், சின்ன மண்டபம். சுவரில் சிமெண்டில் பதித்த பலகை ஒன்றில் 1938 என்ற ஆண்டும், கொடுத்தவர்கள் பெயரும், பக்கத்தில் 2 வெள்ளி, 1 வெள்ளி, 50 காசு என்று தொகையும் இருக்கும். எழுத்துப் பிழைகளோடு, வாயால் சொன்னபடியே எழுதிய பெயர்கள். கோயிலைப் பெரிதாக எடுத்துக் கட்ட வேண்டும் என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தபோது, நானும் ஐந்து நண்பர்களும் அனுமதி கேட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரத்துக்கும் மேல் படங்கள் எடுத்தோம். கருவறைக்குள் போகவில்லை. வெளிச்சுவர், மண்டபம், அந்தப் பலகை, இவ்வளவுதான்.

வடிவம் தயாரானதும் நிர்வாகக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினோம். எல்லாரும் ஆசையாகப் பார்த்தார்கள். பிறகு நாற்பது வருடமாக அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்கி வளர்த்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ரொம்ப சந்தோஷம் தம்பி. படம்தான் இருக்கே, பிறகென்ன? இனி தாராளமா உடைக்கலாம் இல்லையா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை. மேலும் சொன்னார்: "கோயிலுங்கிறது சுவரா தம்பி? பாலாலயம் செய்றோம். அம்மனைக் கலசத்துல எழுந்தருளச் செய்றோம். அதுக்கப்புறம் அந்தச் சுவர்ல என்ன இருக்கு? பழைய துணியைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுத் துணி உடுத்துற மாதிரின்னு கீதையில கண்ணனே சொல்லியிருக்காரே."

இது லேசான வாதம் இல்லை. நம் ஆகம மரபு உண்மையாகவே இப்படித்தான் நடக்கிறது. திருப்பணி என்றால் தெய்வ சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, வேலை முடிந்ததும் குடமுழுக்கில் மீண்டும் எழுந்தருளச் செய்கிறோம். பின்னமான மூர்த்தியை நீரில் விடுகிறோம். கட்டடம் நிரந்தரம் என்று நம் முன்னோர் சொன்னதே இல்லை. அப்படிப் பார்த்தால் பழைய கல்லையும் செங்கல்லையும் பிடித்துக்கொண்டு அழுவது நம் வழக்கமே இல்லை என்றுகூட வாதிடலாம்.

நான் பல நாள் இதை யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் நம் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. இறந்துபோன தாத்தாவின் படத்தை மாட்டி, மாலை போட்டு, திதியன்று விளக்கேற்றுகிறோம். அந்தப் படத்தைத் தாத்தா என்று யாரும் நினைப்பதில்லை, வெறும் காகிதம் என்றும் நினைப்பதில்லை. இது முதல் விஷயம். தாத்தா உயிரோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, "நல்ல படம் ஒன்று கைவசம் இருக்கு, மருந்தை நிறுத்திடலாம்" என்று எந்தப் பிள்ளையாவது சொல்வானா? படம் இருப்பது ஒரு விஷயம். தாத்தாவை எப்படி நடத்த வேண்டும் என்பது வேறு விஷயம். முதலாவது இரண்டாவதற்குப் பதிலாக முடியாது.

பெரியவர் சொன்னதில் பாதி சரி. அம்மன் கலசத்துக்கு வருவாள், புதுக் கோயிலுக்கும் வருவாள். ஆனால் 50 காசு கொடுத்த அந்தப் பால்மரத் தொழிலாளி கலசத்துக்கு வரமாட்டார். அவருக்கு மெய்க்கீர்த்தி கிடையாது, செப்பேடு கிடையாது. அவர் இந்த மண்ணில் வாழ்ந்ததற்கு அந்தச் சுவர்தான் கல்வெட்டு. தெய்வத்துக்குச் செய்ய வேண்டியதை ஆகமம் சொல்கிறது. அந்த மனிதருக்குச் செய்ய வேண்டியதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

தோண்டுகிறவர்கள் மட்டும் அழிப்பதில்லையா?

இந்த இடத்தில் நானே எனக்கு எதிராக ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். தொல்லியல் அகழாய்வே ஓர் அழிவுதானே? மண் அடுக்கை ஒரு முறை நீக்கிவிட்டால் திரும்ப வைக்க முடியாது. மேலே உள்ள அடுக்கை எடுத்தால்தான் கீழே உள்ளதைப் பார்க்க முடியும். அதனால்தான் இன்று பல அகழாய்வுக் குழிகளில் ஒவ்வொரு அடுக்கையும் நீக்குவதற்கு முன் புகைப்பட அளவியல் முறையில் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்துவிட்டோம், எனவே நீக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் பெரியவர் கேட்டதும் இதேதானே?

ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றில்லை. அகழாய்வாளர் அடுக்கை நீக்குவது, அடியில் இருப்பதை அறிவதற்கு வேறு வழி இல்லாததால். அதிலும் நல்ல ஆய்வாளர் முழு இடத்தையும் தோண்டமாட்டார். நாளைக்கு நம்மைவிட நல்ல கருவியோடு வருகிறவர்களுக்காக ஒரு பகுதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பார். அவருக்கு அந்த உரிமையைக் கொடுப்பது கையில் உள்ள படம் அல்ல. எதற்காகத் தோண்டுகிறார், எந்த அளவோடு நிறுத்துகிறார் என்பதுதான். அந்த உரிமையோடு சேர்ந்து வரும் கடமைதான் பதிவு.

எனவே கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் கேள்வி, "இதை உடைத்தே ஆகவேண்டுமா?" இரண்டாவது கேள்வி, "உடைக்கும் முன் பதிவு செய்தோமா?" முதல் கேள்விக்கு "ஆமாம்" என்ற நேர்மையான பதில் வந்த பிறகுதான் இரண்டாவது கேள்வி. தோட்டம் விற்கப்பட்டு, வேறு வழியே இல்லாமல் கோயில் இடம் மாற வேண்டியிருந்தால், அங்கே பதிவு செய்யாமல் விடுவதுதான் பாவம். ஆனால் இரண்டாவது கேள்வியின் பதிலைக் கொண்டுபோய் முதல் கேள்விக்குப் பதிலாக வைத்தால், நம் கேமராவே கடப்பாறைக்கு லைசென்ஸ் ஆகிவிடும்.

படம் ஒரு சாட்சி

அப்படியானால் இந்தப் பதிவுகளை என்னவென்று நினைப்பது? எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் சொல் சாட்சி. சாட்சி என்பவர் நடந்ததைப் பார்த்தவர். பாதிக்கப்பட்டவரின் இடத்தில் உட்காரமாட்டார், அவருக்காகப் பேசுவார்.

தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற ஊர். அங்குள்ள சோழர் காலச் சிவன் கோயிலிலிருந்து வெண்கல நடராஜர் திருடப்பட்டு, நியூயார்க் வியாபாரி ஒருவர் மூலம் 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். காகிதங்கள் எல்லாம் சரியாக இருப்பதுபோல ஜோடித்திருந்தார்கள். அந்தப் பொய்யை உடைத்தது ஒரு பழைய படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. 1994-இல் எடுத்த படத்தில் அதே நடராஜர் கோயிலில் இருந்தார். மெழுகு அச்சை உருக்கி, வார்த்த மண்கூட்டை உடைத்து எடுக்கும் முறையில் ஒரு சிலை போல இன்னொன்று வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்த்ததில் உண்மை வெளிவந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே அவரை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

நமக்கு இன்னும் பக்கத்தில், சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் 2007-இல் அதே வியாபாரியிடமிருந்து வாங்கிய உமா பரமேஸ்வரி சிலையையும் 2015-இல் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது.

இதை நன்றாகக் கவனியுங்கள். புதுச்சேரிப் படம் நடராஜருக்கு மாற்றாக இருக்கவில்லை. "படம்தான் இருக்கே, சிலை ஆஸ்திரேலியாவிலேயே இருக்கட்டும்" என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் படம் அவரை வீட்டுக்குக் கூட்டிவரத்தான் பயன்பட்டது. ஒரு சாதாரணப் புகைப்படத்துக்கே இந்த வலிமை என்றால், ஒவ்வொரு தேய்மானத்தையும் முப்பரிமாணத்தில் அளந்து வைத்த பதிவு எவ்வளவு பெரிய சாட்சியாக இருக்கும்!

சாட்சி பொய் சொல்லலாமா?

சாட்சிக்கு ஒரு தர்மம் உண்டு. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது. இந்த இடத்தில் பொறியியல் மாணவர்களாகிய நமக்கு ஒரு சோதனை இருக்கிறது. கேமராவுக்கு எட்டாத இடங்கள், உதாரணத்துக்குச் சிலையின் பின்பக்கமோ கையின் அடிப்பாகமோ, வடிவத்தில் ஓட்டையாக வரும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் அக்கம்பக்கத்தைப் பார்த்து அந்த ஓட்டையை அழகாக மூடிவிடும். பார்ப்பதற்கு முழுமையாக இருக்கும். ஆனால் அந்தப் பகுதி கல் அல்ல, கணினியின் ஊகம். இருபது வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு எது கல், எது ஊகம் என்று எப்படித் தெரியும்? ஓட்டையை ஓட்டையாகவே விடலாம், அல்லது மூடிய இடத்தை வேறு நிறத்தில் காட்டலாம். அழகு கொஞ்சம் குறையும், உண்மை குறையாது.

கெடாவில் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் உள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியைப் பார்த்திருப்பீர்கள். (சண்டி என்பது பழங்காலக் கோயில் கட்டடங்களுக்கு இங்கே வழங்கும் பெயர்.) 1930-களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் அதை ஆராய்ந்தார்கள். 1960-ஐ ஒட்டிய காலத்தில் கல் கல்லாக எடுத்துச் சீரமைத்தார்கள். இன்று அங்கே கல் மேடையும், தூண் நிறுத்திய அடிக்கற்களும் இருக்கின்றன. கூரை இல்லை. மரமும் ஓலையும் போன்ற பொருட்களால் செய்த மேற்பகுதி எப்போதோ மக்கிப் போய்விட்டது. அதன் வடிவம் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சீரமைத்தவர்கள் தங்கள் கற்பனையில் ஒரு கோபுரத்தை ஏற்றிவைக்கவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தபோது "என்னடா, வெறும் கல்லு" என்று நினைத்தேன். இப்போது அந்த வெறுமையின் மேல் எனக்கு மரியாதை வந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். சிரியாவின் பல்மைரா நகரத்தில் ரோமானியர் காலத்து வெற்றி வளைவை ஐ.எஸ். தீவிரவாதிகள் 2015-இல் தகர்த்தார்கள். பழைய புகைப்படங்களிலிருந்து வடிவத்தை எடுத்து, இத்தாலியில் இயந்திரங்களைக் கொண்டு பளிங்கில் செதுக்கி, உண்மையானதைவிடச் சின்ன அளவில் ஒரு வளைவைச் செய்து, 2016 ஏப்ரலில் இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். மக்கள் கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். தீவிரவாதத்துக்குப் பதில் என்று சிலர் பாராட்டினார்கள். அந்த ஊரின் காயமும் மண்ணும் இல்லாத காட்சிப்பொருள் என்று சிலர் குறை சொன்னார்கள்.

எனக்கு அந்த வளைவைவிட மனதில் நிற்பது காலித் அல் அசாத் என்ற பெரியவர். பல்மைராவின் தொல்பொருள்களை நாற்பது ஆண்டுகள் பொறுப்பேற்றுக் காத்தவர். எண்பது வயதைத் தாண்டிய நிலையில், 2015 ஆகஸ்டில், அவரைத் தீவிரவாதிகள் கொன்றார்கள். பளிங்கு வளைவைத் திரும்பச் செய்யும் கோப்பு நம்மிடம் இருக்கிறது. அவரைப் போன்ற ஒருவரைத் திரும்பச் செய்யும் கோப்பு எங்கேயும் இல்லை. ஓர் இடம் பிழைத்திருப்பது முதலில் அதை நேசிக்கும் மனிதர்களால். படம் அவர்களுக்குக் கருவி, அவர்களுக்குப் பதிலாள் இல்லை.

பதினோராம் எண் சண்டி

நம் நாட்டிலேயே இதற்கு வலிக்கும் உதாரணம் இருக்கிறது. 2013-இன் இறுதியில் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்த பதினோராம் எண் சண்டி நில மேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது என்று நாளிதழ்கள் எழுதின. இராஜேந்திர சோழன் காலத்தில் கடாரம் என்று பெயர் பெற்ற மண் அது. அந்த நிலம் தனியாருடையது, பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் பதிவாகவில்லை என்ற விளக்கங்கள் வந்தன.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சண்டி யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் கிடந்த ஒன்றல்ல. ஆய்வாளர்கள் அறிந்தது, எண் கொடுத்துப் பட்டியலிட்டது. ஏட்டில் இருந்தும் இயந்திரத்தின் முன் அது தப்பவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் சட்டத்தின் பாதுகாப்பு அந்தத் துண்டு நிலத்துக்கு வந்து சேரவில்லை. தினமும் போய்ப் பார்த்து, "இங்கே ஒன்று இருக்கிறது" என்று சொல்ல ஆளும் இல்லை. நாளைக்கு எல்லாச் சண்டியையும் முப்பரிமாணத்தில் எடுத்து வைத்தாலும், அந்த இரண்டும் இல்லையென்றால் கோப்பு மட்டும்தான் மிஞ்சும்.

நாம் என்ன செய்யலாம்?

இதையெல்லாம் எழுதிவிட்டேன் என்பதற்காகக் கேமராவைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நம்ம கையில் இருக்கும் ஹேண்ட்போனே போதும். ஆனால் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்வோம்.

உங்கள் பகுதியில் பழைய கோயிலோ, நடுகல்லோ, தோட்டத்துச் சின்ன மாடமோ இருந்தால், திருப்பணிப் பேச்சு வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். இடிக்கும் தேதி குறித்த பிறகு எடுக்கும் படத்தில் அவசரம் தெரியும். நிர்வாகத்திடமும் குருக்களிடமும் முறையாக அனுமதி கேளுங்கள். கருவறையைப் படமெடுக்கக் கூடாது என்றால் அதோடு விடுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று கேமராவுக்கு எந்த உரிமையும் கிடையாது. அளவுகோல் வைத்து எடுங்கள். தேதி, இடம், எடுத்தவர் பெயர் எழுதி வையுங்கள். ஓட்டையை மூடினால் மூடினேன் என்று எழுதுங்கள். மென்பொருள் மாறும், ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகும், ஆகவே மூலப் படங்களையும் சேர்த்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி கோயிலிடமே இருக்கட்டும். விலைமதிப்புள்ள பழைய விக்கிரகங்களின் படங்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுமுன் நிர்வாகத்தோடு பேசிக்கொள்ளுங்கள். சாட்சிக்காக எடுத்தது திருடனுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுக்கும்போது அங்குள்ள பெரியவர்களிடம் பேசுங்கள். பலகையில் 50 காசு எழுதியிருக்கும் அந்தப் பெயர் யாருடையது என்று கேளுங்கள். அதை எந்த மென்பொருளாலும் புள்ளிகளிலிருந்து கணக்கிட முடியாது.

அந்தப் பேராக் கோயில் விஷயத்தில், இதை எழுதும் வரை நிர்வாகம் முடிவெடுக்கவில்லை. நான் பெரியவரிடம் திரும்பப் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, பெரிசா கட்டறது உங்க விருப்பம், எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்தப் பழைய சுவரை உடைக்கணுமா வேணாமாங்கிறதைப் படமே இல்லைன்னு நினைச்சு முடிவு பண்ணுங்க." அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பலகையில எங்க அப்பா பேரும் இருக்கு தம்பி, மூணாவது வரி" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார். போகத்தான் போகிறோம்.